குதிரை ஏற்றும் டிரெய்லருக்கு ஏற்ற மேலுறை

குதிரைகளை ஓரிடத்தினின்று மற்றோர் இடத்திற்குக் கொண்டு செல்வதற்கு, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்படும் டிரெய்லர்கள் நம் நாட்டில் இனவிருத்திப் பண்ணைகளிலும், பந்தய நிலையங்களிலும், காவல் துறையின் குதிரைப் பிரிவுகளிலும் உபயோகிக்கப்படுகின்றன. அக்டோபர்-நவம்பரில் ராஜஸ்தானத்துப் புஷ்கரிலும், டிசம்பரில் மகாராஷ்டிரத்துச் சாரங்கேடாவிலும் கூடும் பெருஞ் சந்தைகளின்போது இவற்றுக்கு வேலை மிகுதி. ஆயின் மழைக் காலத்தில் இவற்றுள் பல, வாரக்கணக்கில் திறந்த வெளியில் வாளா நிற்கின்றன. அக்காலத்தில் அவற்றின் மீது எத்தகைய மேலுறையைப் போர்த்துவது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அது குதிரையின் உயிரைப் பற்றிய விஷயமாகவும் ஆகக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்கும்.

தளமே உயிர்நிலை

நன்கு வளர்ந்த குதிரை சுமார் 400 கிலோகிராம் எடையுள்ளது. அவ்வெடை முழுவதும் நான்கு குளம்புகளின் வழியாகத் தளத்தின் மீது இறங்குகிறது. வண்டி திடீரென நிறுத்தப்படும்பொழுது பெரும்பகுதி இரு கால்களின் மேல் சாய்கிறது. உளுத்த பலகை ஒன்று அப்பொழுது முறியுமாயின், குதிரையின் கால் ஓடுகின்ற வண்டியின் அடியில் சாலையைத் தொடும். அதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மரத்தை உளுக்கச் செய்வன பூஞ்சணங்கள். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்திற்குக் குறைவாக இருக்கும்வரை அவை வளர மாட்டா. அதற்கு மேற்பட்டு நெடுநாள் நிலைக்குமாயின் அபாயம் தொடங்குகிறது. மேலும், குதிரையின் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் அம்மோனியா உண்டாகிறது. ரப்பர் விரிப்பின் அடியில் தங்கிய இவ்வீரம் மரத்தைக் கெடுப்பதோடு, தளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டங்களையும் அரிக்கிறது. ஆகவே மேலுறையின் கடமை இரண்டு: வெளி ஈரம் உட்புகாமல் தடுத்தல், உள் ஈரம் வெளியேற வழி விடுதல். முதற் கடமையை மட்டும் கருதி வாங்குவோர் பலர்.

மூடிய உறைக்குள் மழை

30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. 20 டிகிரியில் 17 கிராம் மட்டுமே தாங்கும். ஒரு டிரெய்லரின் உட்புறம் 3 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், 2 மீட்டர் உயரமும் கொண்டதெனின் அதன் கொள்ளளவு 12 கன மீட்டர். ஈரத்தால் நிறைந்த அக்காற்று இரவில் 10 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 150 கிராம் நீர் துளிகளாகப் படியும். மறுநாள் வெயிலில் ஈரத் தளத்தினின்று மீண்டும் ஆவி எழும்; இரவில் மீண்டும் துளிக்கும். காற்றோட்டமில்லாத உறைக்குள் இச்சுழற்சி வாரக்கணக்கில் நிகழுமாயின் தளம் உலர்வதே இல்லை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஒரே அளவுள்ள இரு கண்ணாடிச் சாடிகளில் ஈர மண்ணை இட்டு, ஒன்றின் வாயைப் பிளாஸ்டிக் தாளாலும், மற்றதன் வாயைப் பருத்தித் துணியாலும் கட்டி வெயிலில் வைத்து, மாலையில் நிழலுக்கு மாற்றுக. மறுநாட் காலையில் பிளாஸ்டிக்கின் அடியில் நீர்த்துளிகள் திரண்டிருக்கும்; துணி கட்டிய சாடியில் அவ்வாறு திரளுவது அரிது. சில நாட்களில் எந்த மண் விரைவில் உலர்கிறது என்பதையும் மாணவர்கள் கண்டறிவர்.

நால்வகை உறைகள்

பருத்திக் கித்தான்: மெழுகு முதலியன ஊட்டப்பெற்ற இத்துணி நனைந்தவுடன் நூலிழைகள் பருத்து இடைவெளிகளை அடைப்பதால் மழை எளிதில் உட்புகாது, உலர்ந்தபின் காற்றை ஓரளவு செல்லவிடும். கனமானது, ஈரத்துடன் மடித்து வைத்தால் தானே பூஞ்சணம் பூக்கும். இதற்குரிய இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2089.

நெய்த பாலிஎதிலீன் தார்ப்பாய்: விலை குறைவு, எடை குறைவு, நீரைத் தடுக்கும், ஆனால் ஆவியையும் தடுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்களால் நாளடைவில் நொறுங்கும். புற ஊதாக் காப்பு ஊட்டப்பெற்றதையும், ஐ.எஸ். 7903 என்னும் குறியீடு உள்ளதையும் கேட்டு வாங்குக.

பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர்: மிக வலியது, காற்றுக்குக் கிழியாதது, நெடுநாள் உழைப்பது. விலையும் கனமும் மிகுதி. ஆவியைச் சிறிதும் விடாது.

நெய்யாத பாலிபுரொப்பிலீன் அடுக்குத் துணி: ஆவியை வெளிவிடும், தூசியையும் பனியையும் தடுக்கும். ஆயின் பெருமழையை முற்றும் தடுக்குமென்று நம்புவதற்கில்லை. கூரையின் கீழ் நிற்கும் வண்டிக்கே இது பொருத்தம்.

இவற்றுள் எல்லா இடத்திற்கும் சிறந்தது என ஒன்றில்லை. கொங்கணக் கரை போன்று மழை மிகுந்த இடத்தில் நீர் புகாத துணியை உயர்த்திக் கட்டுவதே தகும். மணற் காற்று வீசும் ராஜஸ்தானத்தில் படபடக்கும் உறை, இடையில் சிக்கிய மணலால் வண்டியின் வண்ணப்பூச்சைத் தேய்த்துவிடும். ஆங்கு வலிய துணியும் இறுக்கமான கட்டும் முதன்மை. பக்கம் திறந்த ஓர் எளிய கூரைக் கொட்டகை கிடைக்குமாயின் அது எல்லா உறையினும் மேலானது.

அளவும் கட்டும்

3 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், தரையினின்று 2.4 மீட்டர் உயரமும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். உறை தரையைத் தொடாமல் 40 செ.மீ. மேலே நிற்க வேண்டும். எனவே ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் தொங்கும். வேண்டிய துணி 7 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 42 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள தார்ப்பாயாயின் எடை 8.4 கிலோகிராம், 400 கிராம் உள்ள கித்தானாயின் சுமார் 17 கிலோகிராம். நனைந்த கித்தான் இதனினும் கனக்குமாதலால் இருவர் இல்லாமல் கையாளுதல் கடினம்.

உறையைக் கூரையின்மேல் நேரே பரப்பாமல், மூங்கிலாலோ குழாயாலோ நடுவில் 30 செ.மீ. உயர்ந்த முகடு அமைத்துப் போர்த்துக. இதற்கு அகலத்தில் சுமார் 10 செ.மீ. துணியே மிகையாக வேண்டும். முகடில்லாத இடத்தில் நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 10 செ.மீ. ஆழம் தேங்கிய நீரின் எடை 100 கிலோகிராம்! முகட்டின் இரு முனைகளிலும் காற்றுப் போக்கு விடுக. வண்டியின் காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்து, எலி நுழையாதபடி கம்பி வலை இடுக.

மூடுமுன்பும் திறந்தபின்பும்

வைக்கோல், தீவனம், சாணம் யாவற்றையும் அகற்றி, ரப்பர் விரிப்பை வெளியே எடுத்து, தளத்தைக் கழுவி, வெயிலில் முற்றும் உலர்த்திய பின்னரே மூடுதல் வேண்டும். இது தொற்று நோய்த் தடுப்புக்கும் இன்றியமையாதது. குதிரைகளையும் மனிதரையும் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமி, நேரடி வெயிலிலும் உலர்விலும் விரைவில் மடியும். ஈரமும் இருளும் உள்ள இடத்திலோ சில வாரங்கள் உயிர்த்திருக்கும். ஈரத்துடன் மூடப்பட்ட வண்டி அத்தகைய இடமேயாகும். நோய் ஐயத்திற்குரிய விலங்கை ஏற்றிய வண்டியைக் கால்நடை மருத்துவரின் ஆணைப்படி கிருமி நீக்கம் செய்யாமல் மூடலாகாது.

மழை ஓய்ந்து வெயில் காயும் நாட்களில் உறையை உயர்த்திக் காற்றாடவிடுக. திறந்த வெளியில் அடுக்கப்படும் தானிய மூட்டைகளின் உறைகளையும் தெளிந்த நாட்களில் இவ்வாறே தூக்கிவிடுவர்.

வண்டியை மீண்டும் ஓட்டுமுன் தளப் பலகைகளை மேலிருந்தும் அடியிலிருந்தும் பார்த்து, கூரிய குத்தூசியால் ஆங்காங்கே குத்திச் சோதிக்க வேண்டும். ஊசி எளிதில் இறங்கும் பலகை உளுத்த பலகை. அதனை மாற்றாமல் குதிரையை ஏற்றலாகாது. டயர்களின் வெடிப்பு, விளக்குகள், தடை ஆகியவற்றையும் உடன் கவனிக்க.

உறை வாங்கும்பொழுது கடைக்காரரிடம், "மழை தாங்குமா?" என்று கேட்பது இயல்பு. "உள் ஈரம் எவ்வழியே வெளியேறும்?" என்னும் கேள்வியையும் களப்பணியாளர் உடன் கேட்பாராக. அதற்குத் தக்க விடை கிடைத்த பின்னரே விலையைப் பற்றிப் பேசுதல் முறை.