தோட்டத்தில் கம்பியில்லாத் தொடர்பு: எது எவ்வளவு தூரம் எட்டும்?

திருச்சி தில்லை நகரில் குடியிருந்துகொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் லால்குடி, தொட்டியம் பக்கம் வாழை பயிரிடுவோர் உண்டு. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், மோட்டாரைப் போட யாராவது இருட்டில் வரப்பில் நடக்க வேண்டும். பாம்புக்கும் மின் அதிர்ச்சிக்கும் அஞ்ச வேண்டிய நேரம் அது. கம்பியில்லாமல் இயங்கும் ஸ்டார்ட்டர் இதற்கு நல்ல மாற்று. ஆனால் எட்டும் தூரம் அறியாமல் வாங்கினால் பணம் வீண்.

புளூடூத்: 1994ல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் இதற்கான பணி தொடங்கியது. சாதாரணமாக 10 மீட்டர் வரை எட்டும். மோட்டார் அறை வாசலில் நின்று, ஈரக்கையால் சுவிட்சைத் தொடாமல் நேரத்தைக் குறித்து வைக்கலாம். மண் ஈரமானி காட்டும் அளவையும் கைப்பேசியில் படிக்கலாம். இதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை இலையிலுள்ள நீர் உறிஞ்சும். எனவே கன்று நட்டபோது நன்கு வேலை செய்த கருவி, குலை தள்ளும் பருவத்தில் தடுமாறக்கூடும்.

லோரா: உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. ஏரியலை உயரமாக வைத்தால் பல நூறு மீட்டர் எட்டும். கடைமடை ஈரமானியை மோட்டார் அறையுடன் இணைக்க இது ஏற்றது.

சிம் கார்டு ஸ்டார்ட்டர்: வீட்டிலிருந்தே மோட்டாரை இயக்க இதுவே தேவை. வாங்குமுன் மோட்டார் அறைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறதென்று பார்க்கவும். சிம் கார்டின் காலக்கெடு முடிந்தால் கருவி பேசாது. தண்ணீர் வற்றினாலும், ஒரு முனை மின்சாரம் நின்றாலும் தானே நிறுத்தும் வசதி அவசியம். வேளாண் பொறியியல் துறை இக்கருவிக்கு மானியம் அளித்து வந்துள்ளது. தற்போதைய விவரத்தை அத்துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

எச்சரிக்கை: தில்லை நகரில் ஒருவர் பொத்தானை அழுத்துவது, கிணற்றில் இறங்கியிருப்பவருக்குத் தெரியாது. ‘ஆட்டோ’ நிலையில் விட்டிருந்தால், மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். எனவே பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியர்கள் மூன்றையும் கழற்றி, வேலை செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் நிறுத்தியதை மட்டும் நம்பி மோட்டாரைத் தொடக் கூடாது. இதைக் குடும்பத்தாருக்கும் பண்ணையாளுக்கும் சொல்லி வைப்பதுடன், மோட்டார் அறைக் கதவிலும் எழுதி வைக்கவும்.