தொடர்ந்து 10 ரேஸ் ஜெயித்த குதிரை; 4 வயதில் புற்றுநோய்க்குப் பலி!
கோடி கோடியாகக் கேட்டும் விற்க மறுத்தார் முதலாளி

அமெரிக்க ரேஸ் மைதானங்களைக் கலக்கிய குதிரை "லாஸ்ட் இன் தி பாக்". "பனிமூட்டத்தில் தொலைந்தவன்" என்று அர்த்தம். முதலாளி ஹாரி அலியோ, சான்பிரான்சிஸ்கோவில் வீடு, நிலம் விற்கும் தரகர். 80 வயதைத் தாண்டியவர்.

2002-ல் பிறந்த இந்தக் குதிரை, முதல் 10 ரேசிலும் ஜெயித்தது. 2005-ம் ஆண்டின் சிறந்த குறுந்தூரக் குதிரை என்ற பட்டமும் கிடைத்தது. பெரும்புள்ளிகள் பணத்தோடு வந்தார்கள். அலியோ அசையவில்லை. விற்க முடியாதுன்னா முடியாதுதான்!

என்ன ஆச்சு?

2006 ஜூலையில் புளோரிடாவில் நடந்த ரேசில் 9-வதாக வந்தது. இவனுக்கு என்ன ஆச்சு? விடை அடுத்த மாதம் தெரிந்தது.

வயிற்றுவலி என்று டேவிஸ் நகர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். மண்ணீரலில் பெரிய கட்டி! "லிம்போமா" என்னும் புற்றுநோய் அது. ரத்த வெள்ளை அணுக்களில் உண்டாவது.

குதிரைக்கு மண்ணீரல் சாதாரண உறுப்பு அல்ல. சிவப்பணுக்களைச் சேர்த்து வைக்கும் கிடங்கு. ஓடும்போது அங்கிருந்துதான் கூடுதல் ரத்தம் பாயும்.

மண்ணீரலை அறுத்து எடுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் உள்ளே வேறு கட்டிகளும் இருந்தன. ஆபரேஷனுக்கு வழியில்லை.

முதலாளி முடிவு

வலியில் துடிக்க விடக்கூடாது என்று முடிவாயிற்று. 2006 செப்டம்பர் 17-ந்தேதி, கோல்டன் கேட் பீல்ட்ஸ் மைதானத்திலேயே கருணைக் கொலை செய்யப்பட்டது. 14 ரேஸ், 11 வெற்றி, 9 லட்சத்து 78 ஆயிரம் டாலர் பரிசு. வயசு நாலுதான்!

கண்டுபிடிப்பது கஷ்டம்

குதிரைகளுக்கு இந்த நோய் அபூர்வம். இளங்குதிரையையும் விடாது. மெலிவு, சோர்வு, காய்ச்சல், கழலை, வயிற்றுவலி ஆகியவை அறிகுறிகள். எல்லாம் வேறு நோய்க்கும் வருபவை என்பதால், தெரியும்போது பெரும்பாலும் முற்றிவிடுகிறது. மருந்து கொடுத்தால் சில குதிரைகள் சில மாதம் தாக்குப்பிடிக்கும்.

பூனைக்கும் மாட்டுக்கும் இத்தகைய நோயை உண்டாக்கும் வைரஸ் உண்டு. குதிரைக்கு அப்படி ஒன்று நிரூபிக்கப்படவில்லை.

அலியோ 2008-ல் காலமானார். கோல்டன் கேட் பீல்ட்ஸ் மைதானமும் 2024-ல் மூடப்பட்டுவிட்டது.