இந்தச் சூடு எத்தனை நாளைக்கு?

2006 ஏப்ரலில் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களிலேயே 9 ஹோம்ரன் (வேலியைத் தாண்டும் அடி) விளாசினார். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் அடிப்பதையெல்லாம் தன் கணக்கில் வரவு வைக்கும் பேன்டஸி பேஸ்பால் ரசிகருக்கு, இப்படியொரு ஆள் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. யாரைக் கொடுத்தாவது வாங்கிப் போடத் தோன்றும். வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான். மிச்ச சீசன் முழுக்க ஷெல்டன் அடித்தது இன்னும் 7. ஜூலை கடைசியில் அவரை டொலீடோவிலுள்ள கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் டைகர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் இறுதிப் போட்டி ஆடியபோது அணியில் அவர் இல்லை.

ஹோசே பௌட்டிஸ்டா கதை வேறு. 2004-இல் ஒரே சீசனில் நான்கு அணிகளின் சட்டையைப் போட்டுக் கழற்றியவர். 2009 வரை ஒரு வருடத்தில் அவர் அதிகபட்சம் அடித்தது 16 ஹோம்ரன். 2009 செப்டம்பர் தொடங்கி சீசன் முடிவதற்குள் டொரான்டோ புளூ ஜேஸுக்காக 10 அடித்தார். செப்டம்பர் சூட்டை நம்பக்கூடாது என்பது பேன்டஸியில் பாலபாடம். அணிகள் கத்துக்குட்டி பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) இறக்கிப் பார்க்கும் மாதம் அது. ஆனால் 2010-இல் பௌட்டிஸ்டா அடித்தது 54. மறுவருடம் 43.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருப்பார்கள். வித்தியாசம் காலில் இருந்தது. பௌட்டிஸ்டாவின் மட்டை எப்போதும் பந்துக்குக் கொஞ்சம் பிந்தியே வரும். மேனேஜர் சீட்டோ காஸ்டனும் பயிற்சியாளர் டுவெய்ன் மர்ஃபியும் முன்கூட்டியே தொடங்கச் சொன்னார்கள். இடது காலை உயரத் தூக்கி, பிட்சர் வீசும்போதே தயாராக இருக்கப் பழகினார். அரை நொடிகூட ஆகாமல் வந்துசேரும் பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தித்து, இடப்பக்க வேலியைத் தாண்ட அனுப்பினார். ஆளிடம் ஏதாவது மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

இப்போது அதைக் கண்டுபிடிப்பது சுலபம். 2015 முதல் ஸ்டேட்காஸ்ட் கருவிகள் ஒவ்வொரு அடியின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கின்றன. மணிக்கு 95 மைலுக்கு மேல் போனால் பலமான அடி. ஹோம்ரன் நீங்கலாகக் களத்துக்குள் அடித்த பந்துகளில் பொதுவாகப் பத்துக்கு மூன்றுதான் ஹிட் (அடித்தவர் பேஸுக்குப் போய்ச் சேரும் அடி) ஆகும். ஒருவருக்கு ஐந்து ஆகிறது, அடியிலோ பலமில்லை என்றால் அது அதிர்ஷ்டம், சீக்கிரம் வடியும். 2021-இல் சிகாகோ வொயிட் சாக்ஸின் யெர்மின் மெர்சிடஸ் எட்டுக்கு எட்டு ஹிட்டோடு சீசனைத் தொடங்கி, ஏப்ரல் முடிவில் .415 சராசரியில் நின்றார். ஜூலை பிறந்ததும் கீழ்நிலை அணிக்குப் போனார்.

ஆனாலும் சூடான ஆளைத் தொடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் அணியிலும் இல்லாமல் கிடக்கிறவரை எடுத்துப் போடுவதில் என்ன நஷ்டம்? இரண்டு வாரம் அடித்தாலும் லாபம்தான். பல வருடம் நிரூபித்த ஒருவரைக் கொடுத்து வாங்கும்போதுதான் யோசிக்கவேண்டும். நம் கையில் இருப்பவரே சூடாகி, கால் மாறியதாகவும் தெரியவில்லையா? கேட்கிறவருக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம்.

சூடு தணிய இன்னொரு காரணமும் உண்டு: பிட்சர்களும் சும்மா இருப்பதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு, சூடான ஆள் அடிக்கிற பந்தை விட்டுவிட்டு, வெளியே விலகும் ஸ்லைடராக வீசுவார்கள். அதைத் துரத்துகிறவர்களின் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) மளமளவென்று ஏறும். ஷெல்டன் அந்த சீசனில் நூறு தடவைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். பௌட்டிஸ்டா துரத்தாமல் விட்டு வாக் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கினார்: 2010-இல் 100, அடுத்த வருடம் 132.