அடுப்பு வேண்டாத சாப்பாடு: இமயமலை வணிகர்களின் வறுத்த மாவு

லடாக்கின் லே நகரத்திலிருந்து மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் வரைக்கும் ஒரு பழைய வணிகப் பாதை உண்டு. பட்டு, கம்பளி, மசாலாப் பொருட்கள் எல்லாம் விலங்குகளின் முதுகில் இந்த வழியாகப் போய்வந்தன. நடுவில் காரகோரம் கணவாய். உயரம் சுமார் 5,540 மீட்டர். பயணம் வாரக்கணக்கில் நீளும். வழியில் ஊர்கள் அரிது, மேலே போகப்போக மரம்கூடக் கிடையாது. அப்போ சாப்பாட்டுக்கு என்ன செய்திருப்பாங்க?

"அரிசி கொண்டுபோய்ச் சமைக்கலாமே"ன்னு உங்களுக்குத் தோணலாம். அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். இங்கே 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், அந்தக் கணவாயில் ஏறக்குறைய 82 டிகிரியிலேயே கொதிச்சிடும். எவ்வளவு தீ மூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதுக்கு மேல சூடு ஏறாது. அரிசியும் பருப்பும் லேசில் வேகாது. எரிக்கக் கிடைப்பதோ காய்ந்த சாணமும் புதர் வேரும்தான்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: வேகவைக்கிற வேலையை வீட்டிலேயே முடிச்சிட்டுக் கிளம்புறது. பார்லியைச் சூடான மணலில் போட்டு வறுத்து, மணலைச் சலித்துவிட்டு, மாவாக அரைத்துக்கொள்வார்கள். திபெத்தில் இதன் பெயர் சாம்பா. உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை மாவில் ஊற்றி, கையாலேயே பிசைந்து உருண்டை பிடித்தால் சாப்பாடு ரெடி. பனிப்புயலில் தீ மூட்ட முடியலைன்னா வெறும் தண்ணீர் போதும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

எடைக் கணக்கையும் பாருங்க. சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 100 கிராமில் சுமார் 130 கலோரிதான். அதே எடை வறுத்த மாவில் 350 கலோரி வரை இருக்கும், வெண்ணெயில் 700ஐத் தாண்டும். உணவு மூட்டையில் குறையும் ஒவ்வொரு கிலோவும் விற்பனைச் சரக்குக்குக் கிடைக்கும் இடம். மாவில் ஈரம் குறைவு என்பதால் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்காது.

நம்ம அவலும் இதே லாஜிக்தான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடிக்கும்போதே அடுப்பு வேலை முடிஞ்சிடுது. ஹாஸ்டல் ரூமில் ஸ்டவ் இல்லாமல் பாலும் சர்க்கரையும் போட்டு அவல் சாப்பிடுறீங்களா? அந்த வணிகர்களின் டெக்னிக்கைத்தான் நீங்களும் பயன்படுத்துறீங்க!