தொப்பி–குண்டுச் சுழல்துப்பாக்கிகளின் மறுபடைப்புகள்: இனங்காணலும் சேகரிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொப்பி–குண்டுச் சுழல்துப்பாக்கிகளைப் பின்பற்றி, 1950களின் இறுதி முதல் ஐரோப்பாவில் செய்யப்பட்ட மறுபடைப்புகள் இன்று தாமே சேகரிப்புப் பொருள்களாகியுள்ளன. அவற்றின் ஆண்டையும் செய்தவரையும் அறிவதற்குரிய சான்றுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அச்சான்றுகள் அழிக்கப்படும்போது மறுபடைப்பு போலியாக மாறுவதையும் எடுத்துக்காட்டுகிறது.

கருச்சொற்கள்: சுழல்துப்பாக்கி, மறுபடைப்பு, சோதனை முத்திரை, காலக்கணிப்பு, போலி

முன்னுரை

உலோகத் தோட்டா பரவலாவதற்கு முன்னர், சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் கருமருந்தையும் ஈயக்குண்டையும் முன்புறமாக இட்டுக் கெட்டித்தனர். பின்புறக் காம்பில் வெடிமருந்து கொண்ட சிறு செப்புத் தொப்பியைப் பொருத்தினர். சுத்தியல் தொப்பியைத் தாக்கும்போது எழும் தீப்பொறி கருமருந்தைப் பற்றவைக்கும். சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கி இம்முறையில் இயங்கியதே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) கோல்ட், ரெமிங்டன் ஆகிய நிறுவனங்களின் இவ்வகைத் துப்பாக்கிகள் பெருவழக்காக இருந்தன.

மறுபடைப்பின் தோற்றம்

அப்போரின் நூற்றாண்டு நினைவு 1961இல் தொடங்கவிருந்த சூழலில், பழைய துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்க விரும்பியோர் அமெரிக்காவில் பெருகினர். அசல்களோ அரியனவாகவும் விலை மிகுந்தனவாகவும் ஆகிவிட்டன. நேவி ஆர்ம்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த வால் ஃபோர்ஜெட், 1950களின் இறுதியில் இத்தாலியில் மறுபடைப்புகளைச் செய்வித்தார். பிரேசியாவுக்கு அருகிலுள்ள கார்டோனே வால் டிராம்பியா என்னும் ஊர் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு கிரெகோரெல்லி, ஆல்டோ உபெர்ட்டி ஆகியோர் தொடங்கிய பணியைப் பியெட்டா, ஆர்மி சான் மார்கோ முதலிய நிறுவனங்கள் பின்னர் விரிவுபடுத்தின. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உருவான சென்டோர் வகையும் இக்காலத்தைச் சார்ந்ததே. கோல்ட் நிறுவனமும் 1971 முதல் தன் பழைய வகைகளைத் தன் பெயரிலேயே மீண்டும் வெளியிட்டது. எனவே, குழலின்மேல் கோல்ட் என்னும் பெயர் இருப்பது ஒன்றே ஒரு துப்பாக்கி பழமையானது என்பதற்குச் சான்றாகாது.

வகையைக் காட்டும் குறிகளும் காலத்தைக் காட்டும் குறிகளும்

புதிய சேகரிப்பாளர் முதலில் உணர வேண்டிய வேறுபாடு இது. 1851 நேவி வகையின் உருளையில், 1843 மே 16 அன்று டெக்சஸ் கடற்படைக்கும் மெக்சிகோக் கடற்படைக்கும் இடையே நடந்த போரின் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். மறுபடைப்புகள் பலவற்றிலும் இதே காட்சி உண்டு. அவ்வாறே, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மியின் குழலில் 1858 செப்டம்பர் 14 என்னும் நாள் காணப்படும். அது காப்புரிமை வழங்கப்பட்ட நாளேயன்றித் துப்பாக்கி செய்யப்பட்ட நாளன்று. ‘1858 ரெமிங்டன்’ என்று வழங்கப்பெறும் அவ்வகை 1860களில்தான் உற்பத்திக்கு வந்தது. ஆகவே இத்தகைய எழுத்தும் படமும் வகையைக் காட்டுமேயன்றிக் காலத்தைக் காட்டா.

காலத்தைக் காட்டுவது சோதனை முத்திரையாகும். இத்தாலியில் செய்யப்படும் துப்பாக்கிகள் அரசு ஏற்புடைய சோதனை நிலையத்தில் மிகையழுத்த மருந்திட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே விற்பனைக்கு வரும். விண்மீன் வடிவின்கீழ் உள்ள ‘பிஎன்’ என்னும் எழுத்துகள், கருமருந்தைக் குறிக்கும் ‘போல்வெரே நெரா’ என்னும் இத்தாலியத் தொடரின் சுருக்கமாகும். இவற்றுடன் ஆண்டுக்குறியும் பொறிக்கப்படும். ரோமன் எண்ணில் 10 என்றிருப்பின் 1954ஆம் ஆண்டு. 20 என்றிருப்பின் 1964. 1970களின் முற்பகுதியில் ரோமன் எண்ணும் வழக்கமான எண்ணும் கலந்த குறிகளும் உள்ளன. 1975 முதல் இரட்டை எழுத்துகள் வழக்கிற்கு வந்தன: ‘ஏஏ’ 1975, ‘ஏபி’ 1976, ‘ஏசி’ 1977. இவ்வரிசையில் சில எழுத்துகள் விடுபடுவதால், விரல்விட்டு எண்ணுவதைவிட வெளியிடப்பட்ட பட்டியலோடு ஒப்பிடுவதே பிழையற்ற வழி.

செய்தவரும் விற்றவரும்

குழலின்மேல் பெரிதாகக் காணப்படும் பெயர் பெரும்பாலும் இறக்குமதியாளருடையது. ஒரே இறக்குமதியாளர் பல பட்டறைகளிடமிருந்து வாங்கியதும், ஒரே பட்டறை பல இறக்குமதியாளர்க்குச் செய்து கொடுத்ததும் உண்டு. செய்தவரின் குறி சிறியது. குண்டைக் கெட்டிக்கும் நெம்புகோலின் மறைவில், குழலின் அடிப்புறத்தில் அது பெரும்பாலும் காணப்படும். கிரெகோரெல்லி–உபெர்ட்டி கூட்டுக்குரிய ‘ஜியு’, உபெர்ட்டியின் ‘ஏயு’, பியெட்டாவின் ‘எஃப்ஏபி’, ஆர்மி சான் மார்கோவின் ‘ஏஎஸ்எம்’ ஆகியவை அடிக்கடி எதிர்ப்படுவன.

உலோகமும் விட்டமும் தரும் சான்றுகள்

கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி 0.36 அங்குல விட்டமும் இரும்புச் சட்டகமும் கொண்டது. தென்மாநிலக் கூட்டமைப்பிற்காக ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்டு பட்டறை செய்த துப்பாக்கிகள், இரும்புத் தட்டுப்பாட்டால் பித்தளைச் சட்டகம் பெற்றன. அவற்றின் விட்டமும் 0.36 அங்குலமே. பித்தளைச் சட்டகத்துடன் 0.44 அங்குல விட்டம் கொண்ட ‘1851 நேவி’ இருபதாம் நூற்றாண்டுச் சந்தையின் படைப்பாகும். அதற்கு வரலாற்றில் மூலம் இல்லை. மேலும், அசல்களின் திருகுகள் அங்குல அளவின. இத்தாலிய மறுபடைப்புகளின் திருகுகள் பொதுவாக மெட்ரிக் அளவின. மேற்பரப்பை எவ்வளவு மாற்றினாலும் திருகின் புரி எளிதில் மாறுவதில்லை.

மறுபடைப்பு போலியாகும் நிலை

மறுபடைப்பு தன் பிறப்பை மறைப்பதில்லை. முத்திரையும் ஆண்டுக்குறியும் ‘கருமருந்து மட்டும்’ என்னும் ஆங்கில எச்சரிக்கையும் அதைச் சொல்லிவிடும். அவற்றை அரத்தால் தேய்த்து, வேதிப்பொருளால் துருவேற்றிப் பழமைத் தோற்றம் கொடுத்தால் அது போலியாகிவிடும். 1847 வாக்கர் வகையில் ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்டன. விலை பேரளவினதாதலால் போலிக்கான தூண்டுதலும் மிகுதி. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் உலோகம் சற்றே தாழ்ந்திருத்தல், கூர்விளிம்புகள் ஒரே சீராக மழுங்கியிருத்தல், கைபடாத உட்பகுதிகளிலும் வெளிப்புறத்தைப் போன்றே துரு இருத்தல், உறுப்புகளின் வரிசையெண்கள் தம்முள் ஒவ்வாதிருத்தல் ஆகியவை ஐயத்திற்குரியன. இவற்றுள் ஒன்று மட்டும் தீர்ப்பாகாது. உறுப்பு மாற்றப்பட்ட அசல்களும் உண்டு. பல சான்றுகள் ஒருமுகப்படும்போதே முடிவு உறுதிப்படும்.

சேகரிப்பு நெறிகள்

எத்துப்பாக்கியையும் ஆராய்வதற்கு முன், காம்புகளில் தொப்பி இல்லை என்பதையும், மரக்குச்சியை இட்டு அளந்து அறைகள் வெறுமையாக உள்ளன என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் எல்லா முத்திரைகளையும் படமெடுத்து, எண்களைப் பதிவுசெய்தல் நன்று. தொடக்ககாலப் பட்டறைக் குறி, மூலப்பெட்டி, கையேடு, சுடப்படாத நிலை ஆகியவை மதிப்பை உயர்த்தும். பித்தளைச் சட்டகத்தில் உருளையின் பற்கள் அழுந்திய தடமும் நடுத்தண்டின் தளர்வும் மிகைமருந்துப் பயன்பாட்டைக் காட்டும். கருமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிப்பதால் அதை அகற்ற வேண்டும். ஆயினும் பளபளப்புக்காகத் தேய்த்தல் கூடாது, அது முத்திரைகளையும் தேய்த்துவிடும். உரிமச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் வாங்குவதற்கு முன் அவற்றை அறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

தொப்பி–குண்டு மறுபடைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டை இருபதாம் நூற்றாண்டு எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதற்கான ஆவணமாகும். அந்த ஆவணத்தின் எழுத்து அதன் முத்திரைகளே. அவை அழிந்தால் இழப்பு இருமடங்காகும்: மறுபடைப்பு தன் வரலாற்றை இழக்கும், அதனோடு ஒப்பிட்டுத் தெளிய வேண்டிய அசலும் ஐயத்திற்குள்ளாகும். எனவே முத்திரைகளைப் படித்தறிதலும் கெடாமல் காத்தலும் சேகரிப்பாளரின் முதற்கடமை.