அறியாமையைப் பொறுக்கும் அவை

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் வாரிய உறுப்பினராக நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்று அவை விதிக்கின்றன.

இன்றைய கிராம சபையில் வாக்காளர் அனைவரும் உறுப்பினர்களே. கல்வித் தகுதி ஏதுமில்லை. அங்கே ஒருவர் பொருந்தாத கேள்வி எழுப்பினால், படித்தவர் சிலர் பொறுமையிழந்து அவரை அடக்கிவிடுகின்றனர். நேரம் வீணாகிறது என்ற அவர்களின் சலிப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அதன் விலையைச் சுட்ட விரும்புகிறேன். எந்த மதகு ஒழுகுகிறது என்பதைப் பட்டதாரியைவிட வயலில் நிற்பவரே நன்கறிவார். ஒருமுறை நகைப்புக்கு ஆளானவர் மறுமுறை வாய் திறப்பதில்லை. அவர் அறிந்த செய்தியும் அவையை எட்டுவதில்லை.

பழைய விதியில் இன்றும் கொள்ளத்தக்கது கணக்கில் காட்டிய கண்டிப்பே. நேர்மையின்மையைப் பொறுத்தல் ஆகாது. அறியாமையைப் பொறுக்கத்தான் வேண்டும்.