ரேடியோவுக்கு முதல் எதிரி உங்க லேப்டாப்தான்: இரைச்சலைக் குறைப்பது எப்படி?

ஸ்கேனரையோ, யூஎஸ்பியில் சொருகுற ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளையோ ஆன் பண்ணினா, கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கும்போது மட்டும் "உஸ்ஸ்"னு இரைச்சல் ஏறுது. ஏன்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

ஒரு உதாரணத்தை வச்சுப் பேசுவோம். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சில சமயம் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியா மாத்தி அனுப்புவாங்க. வீட்டிலிருந்தே அதைப் பிடிக்கலாம். ஆனா நிலையம் நம்ம வானத்தைக் கடக்கிறது சுமார் 10 நிமிஷத்துல முடிஞ்சிடும். வழக்கமான பிடி120 முறையில் ஒரு படத்துக்கே 2 நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல இரைச்சல் புகுந்தா படம் முழுக்கக் கோடுதான். ரீவைண்ட் கிடையாது.

சிக்கல் என்னன்னா, படத்தை டீகோட் பண்ணவும் லேப்டாப்தான் வேணும், இரைச்சல் போடுறதும் அதேதான்.

சத்தம் எங்கிருந்து வருது?

கம்ப்யூட்டர் முழுக்கக் கிளாக் துடிப்புகள்தான். ஒவ்வொரு துடிப்பும் தன்னோட மடங்குகளிலும் சிக்னல் கசிய விடும். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோட எச்டிஎம்ஐ கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். நாம கேட்க நினைக்கிற இடத்துக்குப் பக்கத்து வீடு! டாங்கிளும் சும்மா இல்லை. அதோட கிரிஸ்டல் 28.8 மெகாஹெர்ட்ஸ், 5 மடங்கு போட்டா 144. அங்கே ஒரு பொய் சிக்னல் நிக்கும். ஸ்கேனர் காலி சேனல்ல போய் நின்னுக்கிட்டா, காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி ஆளுங்கதான்.

"என் லேப்டாப் சர்டிஃபைட் ஆச்சே?"ன்னு கேட்கலாம். அமெரிக்க எஃப்சிசி விதியில் வீட்டுச் சாதனங்களுக்கான இந்த அளவை 3 மீட்டர் தள்ளி வச்சுக் கணக்கிடுறாங்க. உங்க ஆன்டெனா இருக்கிறது 30 சென்டிமீட்டர்ல. விதிப்படி சரியா இருக்கிற லேப்டாப்பும் அவ்வளவு கிட்டத்துல ரேடியோவை மூழ்கடிச்சிடும்.

முதல்ல டீபக் பண்ணுங்க

கோடு எழுதுற மாதிரிதான், ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தணும்.

1. ஆன்டெனாவைக் கழட்டுங்க. இரைச்சல் இறங்கினா அது ஆன்டெனா வழியா வருது. அப்படியே இருந்தா டாங்கிள்லயோ யூஎஸ்பி கேபிள்லயோ பிரச்சினை.
2. ஆன்டெனாவைத் திரும்ப மாட்டி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்க.
3. மானிட்டர், ரௌட்டர், எல்இடி பல்பு, போன் சார்ஜர்னு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிட்டே திரையில வாட்டர்ஃபாலைப் பாருங்க. எது போனதும் கோடு மறையுதோ, அதுதான் குற்றவாளி.

அப்புறம் சரி பண்ணுங்க

ரொம்ப மலிவான மருந்து தூரம். ஆன்டெனாவை மேசையிலிருந்து பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போங்க. இந்த அலைவரிசைக்கு ஒவ்வொண்ணும் அரை மீட்டர் நீளமுள்ள ரெண்டு கம்பியை 'வி' வடிவத்துல வச்சாலே போதும். அங்கிருந்து உள்ளே கொண்டு வர, டிஷ் டிவிக்குப் போடுற ஆர்ஜி-6 ஒயரே தாராளம். அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம். கேட்கிறதுக்கு மட்டும்னா அந்த வித்தியாசம் பெருசா பாதிக்காது.

அடுத்தது கேபிள்கள். சார்ஜர் ஒயர், யூஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாமே தாங்களே ஆன்டெனாவா மாறி இரைச்சலைப் பரப்பும். சத்தம் போடுற சாதனத்தை ஒட்டி, ஒயர் மேல கிளிப் மாதிரி மாட்டுற ஃபெரைட் வாங்குங்க. 31 அல்லது 43 ரகம் இந்த அலைவரிசைக்குப் பொருந்தும். டாங்கிளை லேப்டாப்ல நேரா சொருகாம, ஒரு நல்ல ஷீல்டு உள்ள சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல தள்ளி வைங்க.

லேப்டாப்பை ஃபாயில்ல சுத்தலாமான்னா, வேண்டாம். சூடாகும், இரைச்சலும் ஒயர் வழியா வெளியே வந்துடும்.

இவ்வளவும் பண்ணி மிச்சம் இருந்தா, அந்த 10 நிமிஷத்துக்கு லேப்டாப்பையே ஒதுக்கிடுங்க. கையடக்க ஸ்கேனர்ல கேளுங்க, ஆண்ட்ராய்டு போன்ல ரோபாட்36 ஆப்பைத் திறந்து ஸ்பீக்கர் பக்கத்துல வைங்க. மைக்ல கேட்டே அது படத்தை வரைஞ்சு கொடுக்கும். மொட்டை மாடியில நின்னுக்கிட்டே பார்க்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் முதல்ல அந்தச் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க.